கீழே இருப்பது

வாணியம்பாடியில் உருதுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. வருஷத்தில் இரண்டு மூன்று கடிதங்கள் எழுதுவார். குடும்ப க்ஷேமம், மழை, தோல் வியாபாரத்தின் நிலைமை எல்லாம் அதில் இருக்கும். சென்ற முறை வந்த கடிதத்தில் அவை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘அண்டர்லிங்’ என்ற ஆங்கில வார்த்தையை, வீட்டில் உருது பேசுகிற பையன்களுக்கு எப்படி விளக்குவது?

இதை என்னிடம் கேட்பானேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். திருவல்லிக்கேணியில் குடியிருந்த நாட்களில், பக்கத்து வீட்டு முன்ஷி ஒருவரிடம் ஏழெட்டு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட உருதுதான் என்னுடையது. இன்றும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஒரு சிறுகதையை முடிக்க மூன்று நாள் ஆகும். ஆனால் அப்படிப் படிப்பதில் ஒரு லாபம் உண்டு. சரளமாகப் படிக்கிறவன் தாண்டிப் போய்விடுகிற வார்த்தையின் மேல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் தடுக்கி விழுகிறான்.

நண்பருக்கு வந்த சங்கடம் ஷேக்ஸ்பியரால் வந்தது. ‘ஜூலியஸ் சீஸர்’ நாடகத்தின் முதல் அங்கத்தில், காசியஸ் புரூட்டஸைத் தனியே பிடித்துக்கொண்டு சீஸரைப் பற்றிக் குமைந்து பேசுகிறான். டைபர் நதியில் நீந்தும்போது சீஸர் மூழ்கப் பார்த்ததையும், தான் தூக்கி வந்ததையும், ஸ்பெயினில் காய்ச்சல் கண்டு சீஸர் நடுங்கியதையும் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். அப்படிப்பட்ட மனிதனுக்கு முன்னால் நாம் என்னவாகிவிட்டோம் என்று சொல்ல வருகிற இடத்தில்தான் இந்த வார்த்தை விழுகிறது. தன்னையும் புரூட்டஸையும் சேர்த்துத்தான் அப்படிச் சொல்லுகிறான். இரண்டு பேரும் ரோமாபுரியின் பெரிய வம்சத்துப் பிரபுக்கள். செனட் சபையில் உட்காருகிறவர்கள். வீட்டில் எத்தனை அடிமைகள் இருந்தார்களோ!

பையன்கள் அகராதியைப் புரட்டினார்கள். ‘மாதஹத்’ என்று இருந்தது. ‘அத்னா முலாஜிம்’, அதாவது சில்லறை உத்தியோகஸ்தன், என்றும் இருந்தது. ஒரு பையன் எழுந்து, “சார், காசியஸுக்கு சீஸர் ஆபீஸில் என்ன வேலை?” என்று கேட்டானாம். நண்பர் எனக்குக் கடிதம் எழுதினார்.

கேட்ட பையன் கெட்டிக்காரன். அகராதி செய்கிற பெரிய தவறு அவன் கண்ணில் பட்டுவிட்டது. ‘மாதஹத்’ என்பது ஆபீஸ் வார்த்தை. கலெக்டருக்கு டிப்டி கலெக்டர் மாதஹத். டிப்டி கலெக்டருக்குத் தாசில்தார் மாதஹத். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சம்பள விகிதத்தைப் போல அது ஒரு விவரம், அவ்வளவுதான். ‘அண்டர்லிங்’ ஒரு மனிதன் எத்தனாவது படியில் நிற்கிறான் என்று சொல்லுவதில்லை. அவனை மேலேயிருந்து பார்க்கிற கண்ணைச் சொல்லுகிறது.

அந்த ஆங்கில வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ‘அண்டர்’ என்றால் கீழே. எல்லாருக்கும் தெரியும். விஷமெல்லாம் ‘லிங்’ என்ற வாலில் இருக்கிறது. ‘டக்லிங்’ என்றால் வாத்துக் குஞ்சு. ‘டார்லிங்’ என்றால் கண்ணே. குழந்தையையும் குஞ்சையும் கொஞ்சுகிற வால் அது. அதையே வளர்ந்த மனிதன்மேல் ஒட்டிவிட்டால் கொஞ்சல் ஏளனமாகிவிடுகிறது. ‘வீக்லிங்’ என்றால் நோஞ்சான். ‘ஹயர்லிங்’ என்றால் காசுக்கு வேலை செய்கிறவன். அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லுவது. ராஜகுமாரனையே ‘பிரின்ஸ்லிங்’ ஆக்கினால் இரண்டு கிராமத்துக்கு அதிபதி என்று ஆகிவிடுகிறான். ‘அண்டர்லிங்’ என்ற வார்த்தை ஷேக்ஸ்பியருக்கு வெகு காலம் முன்பே இருந்தது. ஆதியில், ஒருவருக்குக் கீழ்ப்பட்டவன் என்ற சாதாரண அர்த்தத்தில்தான் வழங்கியது. வால் ஊறி ஊறி விஷமாகப் பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

‘மாதஹத்’ என்பதையும் பிரிக்கலாம். அரபியிலிருந்து வந்தது. ‘தஹத்’ என்றால் கீழே. ‘மா’ என்றால் எது. கீழே எது இருக்கிறதோ அது! அரபியில் மனிதரைச் சொல்லும்போது ‘மன்’, வஸ்துவைச் சொல்லும்போது ‘மா’ என்பது பொது வழக்கம் என்று முன்ஷி எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆக, வார்த்தையை அக்ஷரம் அக்ஷரமாக எடுத்துக்கொண்டால், டிப்டி கலெக்டர் ‘கீழே இருப்பது’ என்றுதான் ஆகிறது. ‘இருப்பவர்’ என்று ஆகவில்லை. உருது பேசுகிற யாரும் இதை நினைத்துக்கொண்டு பேசுவதில்லை. நாம் ‘சிப்பந்தி’ என்று சொல்லும்போது ‘சிஹ்பந்தி’ என்கிற பாரசீகத்துப் பட்டாளத்தை நினைப்பதுண்டா? குமாஸ்தா, டபேதார், ஜவான் என்று கச்சேரி வார்த்தைகளை அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வாங்கிக்கொண்டவர்கள் நாம். வாங்கின இடத்தின் ஞாபகம் நமக்கு இல்லை. இருந்தாலும், ஒரு நாவலாசிரியனுக்கு இந்த ‘மா’வைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

வகுப்பில் இன்னொரு பையன் ‘சம்ச்சா’ என்று சொன்னானாம். நாம் டீக்கடையில் தின்கிற சம்சா என்று நினைத்துவிட வேண்டாம். சம்ச்சா என்றால் கரண்டி. பெரிய மனிதர்களை அண்டிப் பிழைக்கிறவனுக்கு வடக்கே அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருமையான வார்த்தை. ஆனாலும் இங்கே பொருந்தாது. கரண்டி சட்டிக்குள் போய்வருகிறது. போய்வருகிறபோது தன்மேலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. அண்டர்லிங்குக்குச் சட்டியில் பங்கு கிடையாது.

அகராதியை மூடிவிட்டு, உருதுவில் ஒரு பெரிய மனிதர் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்ள என்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று பார்த்தேன். காசியஸ் தன்னைத்தானே அல்லவா சொல்லிக்கொள்கிறான்? அங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. வார்த்தைகள் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி இருக்கின்றன. ‘பந்தா’ என்பார்கள், அடிமை என்று அர்த்தம். (தமிழ்நாட்டுத் தெருவில் ‘பந்தா’ என்றால் நேர் எதிரான குணம்.) ‘காக்ஸார்’ என்றால் தூசுக்குச் சமமானவன். ‘நாசீஸ்’ என்றால் ஒரு பொருட்டாக எண்ணத்தகாதவன். ‘அஹ்கர்’ என்றால் அற்பத்திலும் அற்பன். சொந்த வீட்டை ‘கரீப்கானா’, ஏழைக் குடிசை, என்பார்கள். எதிரே இருக்கிறவரின் வீடு ‘தௌலத்கானா’, செல்வ மாளிகை. குடிசை மூன்று மாடியாக இருக்கலாம். மாளிகையில் மழைக்கு ஒழுகலாம்.

நம் வைஷ்ணவப் பெரியவர்கள் ‘அடியேன்’ என்று சொல்லுகிறார்களே, அதே ரகம். கேட்கிறவருக்கு அதில் ஒரு வலியும் தெரிவதில்லை. சொல்லுகிறவரின் குலமும் வளர்ப்பும்தான் தெரிகின்றன. ‘காக்ஸார்’ என்று சொல்லத் தெரிந்தவர் நிச்சயமாகத் தூசு இல்லை.

இப்போது காசியஸின் வாயில் இதில் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ரோமாபுரியின் தெருவில், பொறாமையில் வெந்துகொண்டு, நண்பனைக் கொலைக்குத் தூண்ட வந்த மனிதன், சட்டென்று லக்னோ கனவானாக மாறிக் குனிந்து ஸலாம் செய்துவிட்டு, “தங்கள் இல்லம் எங்கேயோ?” என்று கேட்பதுபோல் ஆகிவிடும். ஆங்கிலத்தில் தன்னை அண்டர்லிங் என்று சொல்லிக்கொள்வது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வது. உருதுவில் அந்த இடத்தில் மரியாதை வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. உண்மையாகவே தூசாகிவிட்டவன் அதைச் சொல்ல வேண்டுமானால் வார்த்தை இல்லை; அவனுடைய வார்த்தைகளையெல்லாம் பிரபுக்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. பிரபு தன்னைத் தூசு என்கிறார். தெருக்கூட்டுகிறவரை என்ன சொல்லுகிறார்கள் தெரியுமா? ‘மேஹ்தர்’. பாரசீகத்தில் அதற்கு ‘பெரியவர்’, ‘தலைவர்’ என்று அர்த்தம். வடமேற்கு எல்லையில் சித்ரால் சமஸ்தானத்தை ஆண்ட அரசர்களுக்கு மேஹ்தர் என்பதே பட்டம். அதே பட்டத்தைத் துடைப்பம் பிடித்தவர்களுக்கும் சூட்டியிருக்கிறார்கள். ‘ஹலால்கோர்’ என்ற இன்னொரு பெயரும் உண்டு. நியாயமான உணவை உண்கிறவர் என்று பொருள். இதில் பரிகாசம் எவ்வளவு, பச்சாத்தாபம் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. பெயர் உயர்ந்தது, கூலி உயரவில்லை, அவர் தொட்ட தண்ணீரை யாரும் குடிக்கவும் இல்லை. ஆங்கிலேயன் தாழ்த்துகிறபோது வாலை ஒட்டித் தாழ்த்தினான். தில்லியும் லக்னோவும் கிரீடம் வைத்துத் தாழ்த்தின. எது மேல் என்று என்னைக் கேட்டால், ஆங்கிலேயனுடையது கொஞ்சம் யோக்கியமான வழி என்பேன். அதில் திட்டு என்பது திட்டாகவாவது கேட்கிறது.

நவீன உருது வசனத்தின் ஆரம்ப நூல்களில் மிகவும் பெயர்பெற்றது மீர் அம்மனின் ‘பாகோ பஹார்’. நாலு தர்வேஷ்களின் கதை. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தேச பாஷைகளைக் கற்றுக்கொடுக்க 1800இல் கல்கத்தாவில் ஏற்படுத்திய வில்லியம் கோட்டைக் கல்லூரியில், ஜான் கில்கிறிஸ்ட் துரையின் கீழ் முன்ஷியாக இருந்த காலத்தில் அவர் எழுதியது. புத்தகத்தைத் திறந்தால் தர்வேஷ்கள் வருவதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம் வருகிறது. கல்லூரியின் அதிகாரிகளான துரைமார்களுக்கு, தில்லிக்காரரான மீர் அம்மன் சமர்ப்பித்துக்கொள்ளும் மனு. பேச்சுமொழியின் அழகை உருது வசனத்துக்குள் கொண்டுவந்த கை, முதலில் மனுதான் எழுத வேண்டியிருந்தது. எழுபது எண்பது வருஷம் கழித்தும் இது மாறிவிடவில்லை. ஃபாலன் துரையின் பெயரில் 1879இல் வெளிவந்த பெரிய ஹிந்துஸ்தானி அகராதிக்கு உழைத்தவர்களில் ஒருவர் சையத் அஹ்மத் தெஹ்லவி. பிற்பாடு அவரே தனியாக உட்கார்ந்து ‘ஃபர்ஹங்கே ஆஸஃபியா’ என்று நாலு பாகத்தில் ஓர் அகராதி கொண்டுவந்தார். இன்று உருது தெரிந்தவர்கள் ஒரு வார்த்தையில் சந்தேகம் வந்தால் கையை நீட்டுவது இந்த அகராதியை நோக்கித்தான். கீழே இருந்து வார்த்தை பொறுக்கிக் கொடுத்தவர் வார்த்தைகளுக்கு எஜமானர் ஆனார் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் வாணியம்பாடிப் பையன்களுக்கு இதையெல்லாம் சொன்னால் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு கதை வேண்டும். மிர்ஸா காலிப்பைப் பற்றிய கதை ஒன்று இருக்கிறது. முகம்மது ஹுஸேன் ஆஸாத், 1880இல் வெளிவந்த ‘ஆபே ஹயாத்’ என்ற புத்தகத்தில் சொல்லுவது. 1842இல் தில்லிக் கல்லூரிக்குப் பாரசீகம் கற்பிக்க ஒருவர் தேவைப்பட்டார். அரசாங்கக் காரியதரிசி தாம்ஸன் துரை காலிப்பைக் கூப்பிட்டனுப்பினார். காலிப்புக்கு அப்போது கஷ்ட காலம். மாதம் 62 ரூபாய் 8 அணா பென்ஷன். அதை உயர்த்திக்கொள்ளக் கல்கத்தா வரைக்கும் போய் மனுப்போட்டுத் தோற்றுத் திரும்பியவர். கழுத்தளவு கடன். வேலை தேவைதான். பல்லக்கில் ஏறிக்கொண்டு துரை பங்களா வாசலில் போய் இறங்கி நின்றார். உள்ளே தகவல் போயிற்று. காலிப் நின்றுகொண்டே இருந்தார். துரை வெளியே வந்து எதிர்கொண்டு அழைத்துப்போவார் என்று எதிர்பார்த்தார். தர்பாருக்குப் போகும்போதெல்லாம் அந்த மரியாதை அவருக்கு உண்டு. வெகுநேரம் கழித்துத் துரை வெளியே வந்து விளக்கம் சொன்னார்: தாங்கள் தர்பாருக்கு வரும்போது அந்த உபசாரம் நடக்கும், இப்போது வேலைக்காக வந்திருக்கிறீர்கள், இப்போது அது கிடையாது. அரசாங்க உத்தியோகம் இருக்கிற கௌரவத்தை அதிகமாக்கும் என்று வந்தேன், முன்னோர்கள் சேர்த்துவைத்ததையும் பறிகொடுப்பதற்கு வரவில்லை என்ற பொருள்படச் சொல்லிவிட்டு காலிப் பல்லக்கில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையைக் காலிப்பின் ஆணவத்துக்கு உதாரணமாகவும் சொல்லுகிறார்கள். சுயமரியாதைக்கு உதாரணமாகவும் சொல்லுகிறார்கள். எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை. அந்த வாசலில் அவர் நின்ற நேரத்தில்தான் எனக்கு அக்கறை. பல்லக்கிலிருந்து இறங்கும்போது அவர் விருந்தாளி. துரை வாயைத் திறந்ததும் வேறு என்னவோ ஆகிவிட்டார். இன்னும் உத்தியோகம் கொடுத்தாகவில்லை, ஆகையால் மாதஹத் இல்லை. எடுபிடியும் இல்லை, சேவகனும் இல்லை. ஆனாலும் என்னவோ ஒன்று ஆகிவிட்டார். ஆனது அவருக்குத் தெரிந்தது. அந்த என்னவோவைத்தான் காசியஸ் சொல்லுகிறான். அவனுக்கும் யாரும் உத்தியோகம் கொடுக்கவில்லை. சீஸர் வளர்ந்ததால் அவன் குட்டையாகிவிட்டான். காலிப் பல்லக்கை நோக்கித் திரும்பினார். காசியஸ் கத்தியை எடுத்தான்.

நண்பருக்குப் பதில் எழுத இது போதும். ஆனால், உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டவர்கள், ஏறிக்கொண்டு திரும்பிப் போகப் பல்லக்கு இல்லாதவர்கள், அவர்கள் கதை என்ன? உருதுவில் அதை எழுதினவர்களில் எனக்கு உடனே ஞாபகம் வருகிறவர் கிருஷன் சந்தர். 1914இல் பிறந்து 1977இல் காலமானவர். அவரிடம் குறை இல்லாமல் இல்லை. அழகுக்கு ஆசைப்பட்டு வாக்கியத்தை நீட்டிவிடுவார். கதை முடிந்த பிற்பாடு வாசகன் தோளைப் பிடித்து உலுக்குவார். ‘காலு பங்கி’ என்ற பிரசித்தமான கதையிலும் அந்தக் குறை உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவனைப் பற்றியது. கதை சொல்லுகிற எழுத்தாளர், உன்னைப் பற்றி எழுத முடியவில்லையே, உன்னிடம் கதையே இல்லையே என்று அவனிடம் வருஷக்கணக்கில் தப்பித்துக்கொண்டு திரிகிறார். அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டரைப் பற்றி எழுதலாம், பியூனைப் பற்றிக்கூட எழுதலாம். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பளம் வருகிறது. ஆகவே அவர்களுக்குக் கொஞ்சம் காதல், கொஞ்சம் ஆசாபாசம், கொஞ்சம் கதை உண்டு. காலுவுக்கு மாதம் 8 ரூபாய். மாவு, உப்பு, புகையிலை என்று கணக்குப் பார்த்தால், கதைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. கீழே இருக்கிறவர்களிலும் கதைக்கு உரியவன், உரியவன் இல்லை என்று ஒரு கோடு இருக்கிறது, அது ரூபாய் அணாவில் போட்ட கோடு என்பதை இவ்வளவு நேராக எழுதிக்காட்டிய வேறொரு கதை நான் படித்ததில்லை. கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் செய்கிற பிரசங்கத்தை அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

‘ஜாமுன் கா பேட்’ அவர் எழுதியதில் அந்தக் குறை இல்லாதது. பேட் என்றால் மரம், நாவல் மரம். இரவு புயலில் செக்ரடேரியட் புல்தரையில் மரம் சாய்ந்து, அடியில் ஒரு மனிதன் மாட்டிக்கொள்கிறான். காலையில் தோட்டக்காரன் பார்க்கிறான். அவன் பியூனிடம் ஓடுகிறான். பியூன் குமாஸ்தாவிடம் ஓடுகிறான். குமாஸ்தா சூப்பிரண்டெண்டிடம் ஓடுகிறான். அதற்கு மேல் யாரும் ஓடுவதில்லை, பைல்தான் நடக்கிறது. மரத்தை அகற்ற எந்த இலாகாவுக்கு அதிகாரம் என்று வர்த்தக இலாகா, விவசாய இலாகா, பழ மரமாகையால் தோட்டக்கலை இலாகா, மாட்டிக்கொண்டவன் கவிஞன் என்று தெரிந்ததால் கலாசார இலாகா என்று சுற்றிவிட்டு, அனுமதி வரும்போது மனிதன் செத்துக் கிடக்கிறான்.

சர்க்கார் பைலைப் பற்றிய பரிகாசமென்று எல்லாரும் ரசிக்கிற கதை இது. 2019இல் ஒரு பரீட்சை போர்டு பத்தாம் வகுப்பு ஹிந்திப் பாடத்திலிருந்து இதை எடுத்துவிட்டது என்று பத்திரிகைகளில் அமளிப்பட்டது. பரிகாசம் இருக்கட்டும். நான் எழுத்துக்கூட்டிப் படித்தபோது தடுக்கிய இடம் வேறே. புல்தரையைச் சுற்றிப் போலீஸ் காவல் இருக்கிறது. அப்படியும் ராத்திரி தோட்டக்காரன் வந்து மரத்தடியில் கிடப்பவனுக்குச் சோறும் பருப்பும் ஊட்டுகிறான். அவனுக்கு அதற்கு உத்தரவு கிடையாது. மேலே உள்ளவர்கள் அத்தனை பேரும் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். சூப்பிரண்டெண்ட் அண்டர்செக்ரட்டரிக்குக் கீழே, அவர் டிப்டிக்குக் கீழே என்று சங்கிலி மேலே போகிறது. ஒவ்வொரு கண்ணியும் ‘கீழே இருப்பது’. சங்கிலியின் ஆகக் கடைசியில் இருக்கிறவன் மாத்திரம், அவனுக்குக் கீழே ஒருவருமில்லாததாலோ என்னவோ, மனிதனாக நடந்துகொள்கிறான். ‘அண்டர்லிங்’ யார் என்று கேட்டால் கிருஷன் சந்தர் கைகாட்டுவது மேலே.

இந்தக் கதையை ஒரு தடவை தமிழில் பெயர்க்க உட்கார்ந்தேன். நாலாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது. உருதுவில் ‘மாலி’ என்றால் மாலி. வார்த்தையில் மேலும் இல்லை, கீழும் இல்லை. வினைமுற்றில்தான், ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என்கிற மூன்று படிகளில்தான் அங்கே ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன. ‘சப்ராஸி’யும் அப்படியே. ‘சப்ராஸ்’ என்றால் இடுப்புப் பட்டையில் குத்திக்கொள்கிற பித்தளை வில்லை. நம் ஊர்க் கச்சேரிகளில் ‘வில்லைச் சேவகன்’ என்று சொன்னார்களே, அதே ஆசாமி. நமக்கோ ஆங்கிலத்தைப்போல வால் இருக்கிறது. தோட்டக்காரனா, தோட்டக்காரரா? சேவகனா, சேவகரா? ‘ன்’ போட்டால் உதைக்கிறது. ‘ர்’ போட்டால் கதையின் காலத்துக்கும் ஆபீஸுக்கும் பொய்யாகிறது. மேலே கதையைச் சுருக்கிச் சொன்னபோது நான் ‘பார்க்கிறான்’, ‘ஓடுகிறான்’ என்றே எழுதிக்கொண்டு போனதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். குமாஸ்தாவையும் அப்படியே எழுதினேன். சூப்பிரண்டெண்டுக்கு ‘அவர்’ என்று வந்துவிட்டது. திருத்தலாமென்று பார்த்தேன். கை தானாகச் செய்ததை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

கையைக் குறை சொல்லுவதற்கும் இல்லை. பழைய நாவல் ஒன்றில் நான் ஓர் ஆபீஸ் பியூனைப் படைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தைந்து என்று முதல் வரியிலேயே எழுதினேன். இருபத்தைந்து வயது ஆபீஸர் அறைக்குள் ‘வந்தார்’; அவர் தகப்பனார் வயதுள்ள பியூன் டீ கொண்டு ‘வந்தான்’. முந்நூறு பக்கத்திலும் அப்படியே. ஒரு வாசகர்கூட அதைப் பற்றி எழுதிக் கேட்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று அந்தப் பியூன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிற கட்டத்தைப் படித்துக் கண்ணீர் விட்டதாகப் பலர் எழுதியிருந்தார்கள். அழும்போதும் ‘அழுதான்’ என்றுதான் இருக்கிறது. அவனுடைய பெயரென்ன என்று இப்போது புரட்டிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில், நூற்றுச் சொச்சமாவது பக்கத்தில், சம்பளப் பட்டியலில் வருகிறது.

நண்பருக்குப் பதில் எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை தேட வேண்டாம், மாதஹத்தை அடித்துவிடுங்கள், காலிப் பல்லக்கிலிருந்து இறங்கி வாசலில் நின்ற கதையைச் சொல்லுங்கள். நேற்று ‘ஆப்’ என்று கூப்பிட்டவர் இன்று ‘தும்’ என்றால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். அப்புறம் அவர்களையே ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. முப்பத்தொரு பையன்கள் எழுதினார்களாம். பாதிப் பேர் மறுபடியும் மாதஹத் என்றே எழுதியிருந்தார்கள். பரீட்சைக்கு அதுதான் மார்க்கு என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்தாறு பேர் ‘நௌகர்’. ஒருவன் ‘சோட்டா’ என்று மட்டும் எழுதியிருந்தான். நண்பருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். தோல் மண்டியில் வேலை செய்கிறவரின் மகன் ஒருவன் ‘மஜ்தூர்’ என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டு அடித்திருந்தான். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுதவில்லை. ஏன் அடித்தாய் என்று நண்பர் கேட்டதற்கு, “அப்பா மஜ்தூர் சார், அது இந்த வார்த்தை இல்லை” என்றானாம்.